கயிற்றின் மறுமுனை

1922ஆம் ஆண்டு ஜூலை 2. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாகவே கிடக்கும் பெப்பின் ஏரியில், ரால்ப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரண்டு பலகைகளின் மேல் நின்றபடி ஒரு படகின் பின்னால் இழுபட்டுச் சென்றார். மறுநாள் அவருக்கு 19 வயது நிறைவு. வாட்டர் ஸ்கீயிங் பிறந்த நாள் அதுவே என்று விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குறிக்கிறார்கள். அந்தப் பலகைகளைப் பற்றி நிறையப் பதிவாகியிருக்கிறது. பீப்பாய்ப் பலகைகளை முதலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளும் தாங்கவில்லை. கடைசியில் 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள இரண்டு பைன் பலகைகளை வாங்கி, அம்மா துணி அவிக்கும் செம்பு அண்டாவில் அவற்றின் நுனியை வேகவைத்து, மேல்நோக்கி வளைத்துக் காயவிட்டார். கால் நுழைக்கத் தோல்வார் அடித்தார். கயிற்றின் நுனியில் பிடித்துக்கொள்ள, கொல்லரிடம் சொல்லி இரும்பு வளையம் ஒன்று செய்துகொண்டார். தண்ணீரில் சாய்ந்து, பலகையின் நுனி மேலே தெரியும்படி வைத்துக்கொண்டால்தான் எழ முடியும் என்பதைப் பல நாள் விழுந்து விழுந்து கண்டுபிடித்தார். இவ்வளவும் விவரமாகக் கிடைக்கிறது. அத்தனை நாளும் படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன் பென். அவரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்லாலம் வாட்டர் ஸ்கீயிங்கின் நூறாண்டு வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே பலகையில் இரண்டு காலையும் முன்பின்னாக வைத்து, ஆறு மிதவைகளை வலமும் இடமுமாக மாறி மாறிச் சுற்றிவரும் விளையாட்டு அது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தனி ஆள் விளையாட்டு. பதக்கமும் ஒருவருக்கே. ஆனால் அது வளர்ந்த விதத்தைப் பார்த்தால், கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் இருந்தால்தான் நடக்கும் வேலை என்பதும், படகில் இருந்த ஆள் பெரும்பாலும் வீட்டு ஆள் என்பதும் தெரியவரும். கணவன் மனைவிக்கு உதவுவதும் மனைவி கணவனுக்கு உதவுவதும் இந்த விளையாட்டில் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அல்ல, அதன் அடிக்கட்டுமானம். அந்த உதவி எது என்ற கேள்விக்கும் வரலாறு தெளிவான பதில் வைத்திருக்கிறது: சொல்லிக்கொடுப்பது அதில் சிறு பங்கு, வேகத்தையும் நேர்கோட்டையும் காப்பாற்றித் தருவதே பெரும் பங்கு.

சாமுவேல்சன் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. 1925இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஃப்ரெட் வாலர் 'அக்வா ஸ்கீ' என்ற பெயரில் வாங்கினார். பின்னாளில் சினிராமா என்ற அகலத்திரைத் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்த அதே வாலர்தான். 1960களில் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுக்கும்வரை சாமுவேல்சனை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை; 1966இல்தான் அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் அவரை இந்த விளையாட்டைத் தொடங்கியவராக ஏற்றுக்கொண்டது. தண்ணீரில் நின்றவரே நாற்பது ஆண்டு மறக்கப்பட்டிருந்தார் என்றால் படகில் உட்கார்ந்திருந்தவர் மறைந்துபோனதில் வியப்பில்லை.

இந்த விளையாட்டைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்த இடம் ஃப்ளோரிடா மாநிலம் வின்டர் ஹேவனில் எலாய்ஸ் ஏரிக்கரையில் இருந்த சைப்ரஸ் கார்டன்ஸ். டிக் போப்பும் அவர் மனைவி ஜூலியும் 1936 ஜனவரியில் திறந்த பூங்கா அது. டிக் போப்பின் பெயர் இன்றும் பேசப்படுகிறது, விளம்பரத்தில் மன்னர். ஆனால் ஸ்கீ காட்சி தொடங்கியது அவர் ஊரில் இல்லாதபோது. இரண்டாம் உலகப் போரில் அவர் படைப்பணிக்குப் போயிருக்க, பூங்காவை ஜூலி நடத்தினார். பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த முகாமிலிருந்து சில சிப்பாய்கள் வந்து ஸ்கீ காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஜூலி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை; தன் பிள்ளைகளையும் அவர்களுடைய தோழர்களையும் கூட்டி அன்றைக்கே ஒன்றை நடத்திக் காட்டினார். அடுத்த வாரம் சிப்பாய்கள் கூட்டமாக வந்தார்கள். பிறகு அந்தக் காட்சி பல பத்தாண்டுகள் ஓய்வின்றி நடந்தது. இரண்டாவது உலகச் சாம்பியன் போட்டி 1950இல் அங்கேதான் நடந்தது. முதலாவது அதற்கு முந்தைய ஆண்டு பிரான்சின் ஜுவான் லே பானில். 1947இல் ஸ்கீயே இல்லாமல் வெறுங்காலில் தண்ணீர்மேல் சென்று பெயர் வாங்கியவர் இந்தத் தம்பதியின் மகன் டிக் போப் ஜூனியர். ஒரு வீட்டின் உழைப்பு ஒரு விளையாட்டின் வரலாறாகவே மாறிய இடம் இது. ஜூலி போப்பின் பங்கு அதில் துணைக்கதையாகச் சொல்லப்படுவது எனக்கு ஏற்பில்லை.

ஸ்லாலத்தின் அளவுகளுக்கு வருவோம், ஏனென்றால் உதவி என்பது என்ன என்று அவைதான் கற்றுத்தருகின்றன. நுழைவாயில் முதல் வெளிவாயில் வரை 259 மீட்டர். வாயிலிலிருந்து முதல் மிதவை 27 மீட்டர், பிறகு ஒவ்வொன்றுக்கும் இடையே 41 மீட்டர், கடைசி மிதவையிலிருந்து வெளிவாயிலுக்கு மறுபடி 27. மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் விலகிக் கிடக்கும். படகு நடுக்கோட்டில் நேராகப் போகும். தொடக்கநிலையில் வேகம் குறைவு. ஆறு மிதவையையும் சுற்றி வெளியே வந்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் கூடும். ஆண்களுக்கு 58, பெண்களுக்கு 55 என்று வேகத்துக்கு வரம்பு. அதைத் தொட்டபின் வேகம் கூடாது, கயிறு குறையும். 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25 என்று இறங்கும். கயிற்றில் இந்த அளவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறக் கண்ணி: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று வானவில் வரிசையில் போகும். படகில் இருப்பவர் ஒரு கண்ணியைக் கம்பத்திலிருந்து கழற்றி அடுத்ததை மாட்டுவார். 11.25இல் ஒரு விசித்திரம் நடக்கிறது. மிதவை இருக்கும் தூரத்தைவிடக் கயிறு சிறியதாகிவிடுகிறது. மீதித் தூரத்தை ஸ்கீயரின் நீட்டிய கையும் சாய்ந்த உடலும்தான் ஈடுசெய்ய வேண்டும். அந்த இடத்தில் உடல் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கிடைமட்டமாகப் படுத்துவிடுகிறது.

இந்த ஏணியைப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1939இல் லாங் ஐலண்டின் ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது இப்படி ஒரு படிக்கட்டு முழுமையாக இல்லை. ஒற்றைப் பலகையே அடுத்த பத்தாண்டில்தான் பரவியது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு உடல் ஒரு எல்லைக்குமேல் இடம் தராது என்பதால் வேகத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றைக் குறைக்கும் முறை நிலைத்தது. போட்டிக்காக உருவான இந்த ஏணி, கற்பதற்கும் மிகச் சரியான ஏணி என்பது என் கருத்து. நீண்ட கயிறு, குறைந்த வேகம், ஆறு மிதவையும் முடிந்தபிறகே அடுத்த படி. அதற்கும் முன்னால், பாதி அகலத்தில் மிதவைகள் போட்ட சிறு தடம் உண்டு. அதை வெட்கமில்லாமல் பயன்படுத்தலாம். துணையின் முன்னேற்றத்தில் அவசரம் உள்ளவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மிதவைதான் வருகிறது, 52இல் படகு இழுக்கும்போது ஸ்கீ நன்றாக மிதக்கிறது என்பதால் 52க்குப் போய்விடுகிறார்கள். மிதப்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு மூன்று விநாடிக்கும் குறைவு. தவறைத் திருத்த நேரம் கிடையாது, தவறையே பழகிவிடுவார்கள்.

இனி படகுக்குள். ஸ்கீயர் மிதவையைச் சுற்றித் திரும்பி, பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் பதித்து, படகின் பின்னலையை நோக்கிச் சாய்ந்து இழுக்கிறார். நடுவை நெருங்கும்போது கயிற்றில் விசை உச்சத்தில். அந்த இழுப்பில் படகு கொஞ்சம் தளர்கிறது. ஓட்டுபவர் த்ராட்டிலைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டும். கூட்டுவது ஒரு நொடி தாமதமானால், ஸ்கீயர் அடுத்த பக்கம் போய் மிதவைக்கு அருகில் இழுப்பை விட்டு மெல்லத் திரும்பும் நேரத்தில் படகு முன்னே பாயும். ஊஞ்சல் உச்சிக்குப் போய் நிற்கும் கணத்தில் ஒருவர் இழுத்துவிட்டது போல, ஸ்கீயர் திருப்பத்திலிருந்து பிடுங்கப்படுவார். விழுவது ஸ்கீயர், காரணம் படகில். பல பத்தாண்டுகள் இந்த ஈடுசெய்தல் முழுவதும் மனிதக் கையில் இருந்தது. சரிபார்க்க ஒரே வழி ஸ்டாப்வாட்ச். மணிக்கு 58 கிலோமீட்டரில் 259 மீட்டரைக் கடக்க 16.08 விநாடி, 55இல் 16.95 விநாடி. ஒரு கிலோமீட்டர் பிசகினால் மொத்த நேரத்தில் சுமார் 0.3 விநாடி மாறும். ஓட்டுபவர் ஒருவர், அருகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து நேரம் எடுப்பவர் ஒருவர், தண்ணீரில் ஒருவர். கலிஃபோர்னியா உட்படப் பல அமெரிக்க மாநிலங்களில் ஸ்கீயரைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தனி ஆள் படகில் வேண்டும் என்பது சட்டம். ஸ்கீயர் விழுந்ததும் கொடியை உயர்த்துவதும் அவர் வேலை. ஆக, தனியாக இந்த விளையாட்டை ஆட யாராலும் முடியாது. தினமும் அதிகாலையில், காற்று எழும்முன் தண்ணீர் அசையாமல் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், கூட வரக்கூடிய இரண்டு பேர் யார்? வீட்டு ஆட்கள்தான்.

படகு கட்டியவர்களும் இந்தச் சுமையைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். ஃப்ளோரிடாவில் லியோ பென்ட்ஸ் வடிவமைத்த ஸ்கீ நாட்டிக் படகை 1961இல் மெலூன் குடும்பத்தின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 1968இல் டென்னசியில் ராப் ஷர்லி ஒரு குதிரைக் கொட்டகையில் மாஸ்டர்கிராஃப்ட் படகைக் கட்டத் தொடங்கினார். எஞ்சின் நடுவில், கயிறு மாட்டும் கம்பமும் ஏறத்தாழ நடுவில். கயிற்றைப் பின்முனையில் கட்டினால் ஸ்கீயர் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் படகின் வால் ஆடும். நடுவில் கட்டினால் ஆட்டம் அடங்கும். படகை நேராக வைத்திருக்க ஓட்டுபவர் பட்ட பாட்டில் பாதியைக் கட்டுமானமே வாங்கிக்கொண்டது. 1990களில் வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் கருவிகள் வந்தன. 2000களின் இறுதியில் ஜிபிஎஸ் மூலம் இயங்கும் ஜீரோ ஆஃப் கருவி போட்டிகளில் பொதுவானது. ஸ்கீயரின் இழுப்புக்கு எஞ்சின் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பலமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் ஏ, பி, சி என்ற எழுத்தாலும் 1, 2, 3 என்ற எண்ணாலும் அதில் தேர்ந்துகொள்ளலாம்.

வலுவான மறுப்பு இங்கிருந்துதான் வருகிறது. வேகத்தைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறதே, இனி படகில் இருக்கும் துணைக்கு என்ன வேலை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்கலாம். வேகத்தைப் பொறுத்தவரை மறுப்பு நியாயமானது. முப்பது ஆண்டுக்கு முன் நல்ல ஓட்டுநரிடம் மட்டுமே கிடைத்த சீரான ஓட்டம் இன்று புதியவர் ஓட்டும் படகிலும் கிடைக்கிறது. ஆனால் கருவி திசையைப் பார்ப்பதில்லை. மிதவை இருக்கும் பக்கம் படகு ஒரு முழம் ஒதுங்கினால் ஸ்கீயருக்கு வேலை எளிதாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் கடினமாகும். அதனால்தான் போட்டிகளில் ஓட்டுநர்களுக்குத் தனித் தகுதி வேண்டியிருக்கிறது, படகு போன தடத்தை நடுவர்கள் கவனிக்கிறார்கள். பயிற்சியில் அப்படிக் கவனிக்க ஆள் இல்லை. மனைவி ஐந்தாவது மிதவையை எட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் கணவன் படகைச் சற்றே அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தால், இல்லாத ஒரு தடத்துக்கு அவளுடைய உடல் பழகும். விழுந்த பிறகு நடப்பதும் மனிதன் கையில்தான். வேகமாக வட்டமடித்துத் திரும்பினால் எழும் அலை தடத்துக்குள் போய் அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும். எஞ்சினைத் தணித்து மெல்லத் திரும்பி வர வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு இழுக்கும்முன் அவளுக்கு மூச்சு திரும்பியதா, விரல்களில் பிடி இருக்கிறதா, இன்னொரு ஓட்டம் தாங்குமா, சிவப்புக் கண்ணியிலேயே இருக்கலாமா, ஆரஞ்சுக்குப் போகலாமா என்று பார்க்கிற வேலையை எந்தக் கருவியும் செய்வதில்லை. மனிதக் கையிலிருந்து ஒவ்வொரு சுமையாக இயந்திரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கடைசியில் எஞ்சியிருப்பது கண்ணும் பொறுமையும். அவையே எல்லாவற்றிலும் கடினமானவை.

இரண்டாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ சொல்லிக்கொடுத்தால் சண்டைதான் மிஞ்சும், பணம் கொடுத்துப் பயிற்சியாளரிடம் அனுப்புவதே மேல் என்பார்கள். பயிற்சியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்லாலத்தில் பிழை தெரியும் இடம் ஒன்று, பிழை பிறந்த இடம் வேறொன்று. மூன்றாவது மிதவையில் தாமதமாகி விழுகிறவர் பெரும்பாலும் வாயிலுக்குள் நுழையும்போதே தாமதமானவர். இடுப்பு வளைந்து பின்பக்கம் பின்தங்க, தோள் முன்னே சரிந்து, இழுப்பு முழுவதையும் கைகள் தாங்குவது கற்கிறவர்களிடம் மிகவும் காணப்படும் குறை. பின்னலையைக் கடந்த பிறகும் பயத்தில் இழுத்துக்கொண்டே போவது இன்னொன்று; அதனால் வேகம் மிஞ்சி, திருப்பம் மிதவையைத் தாண்டித் தள்ளிப்போகும், கயிறு தொய்யும், அடுத்த இழுப்பு உதறலாக வரும். இவற்றை வேர்வரை பார்க்கப் பழகிய கண் வேண்டும். அதைப் பயிற்சியாளர் ஒரு வாரத்தில் காட்டிவிடுவார். ஆனால் காட்டிய ஒன்றை உடல் ஏற்க நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் ஆகும். அந்த ஓட்டங்களைத் தருகிறவர் பயிற்சியாளர் அல்ல. சண்டை மூளுவது, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் படகிலிருந்து ஐந்து திருத்தங்கள் பாயும்போது. தண்ணீரில் மிதந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, காதில் தண்ணீரோடு இருப்பவருக்கு ஒன்றுக்குமேல் ஏறாது. வாட்டர் ஸ்கீயிங்கின் பழைய மரபும் பேச்சைச் சுருக்கித்தான் வைத்திருக்கிறது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தின் குறுக்கே கை போனால் எஞ்சினை நிறுத்து, தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு. சைகை எல்லாம் தண்ணீரில் இருப்பவரிடமிருந்து படகுக்கு. கட்டளை பிறக்கும் இடம் தண்ணீர், கேட்கும் இடம் படகு. இதைத் தலைகீழாக்கிய படகுகளில்தான் குரல் உயர்கிறது.

சாம்பியன்களின் பட்டியலையும் பார்க்கலாம். பாப், கிரிஸ் லபாயின்ட் சகோதரர்கள். சாமி டுவால், அவர் சகோதரி கமீல். 1981இல் 18 வயதில் உலக ஸ்லாலம் பட்டம் வென்று, பிறகு பல ஆண்டுகள் அந்தப் பிரிவையே ஆண்ட பிரிட்டனின் ஆண்டி மேப்பிள். 1987இலும் 1989இலும் பெண்களுக்கான ஒட்டுமொத்த உலகப் பட்டத்தை வென்ற அமெரிக்காவின் டீனா பிரஷ். மேப்பிளும் பிரஷும் திருமணம் செய்துகொண்டவர்கள். ஏரிக்கரையில் வளர்ந்த குடும்பங்களில் திறமையும் வாய்ப்பும் சேர்ந்தே கிடைத்தன, இதில் உதவிக்கு என்ன சான்று என்று ஒருவர் கேட்டால், இந்தப் பெயர்களை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். நான் காட்டுவது வேறு: வீட்டு ஆள் படகில் இருப்பது சாமுவேல்சன் காலத்து ஏழ்மையின் ஏற்பாடாக மறைந்துவிடவில்லை, பணமும் பயிற்சியாளரும் நிறைந்த பிற்காலத்திலும் தொடர்ந்தது. பணம் என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கீ படகின் விலையும் ஏரிக்கரை நிலத்தின் விலையும் இந்த விளையாட்டைப் பலருக்கு எட்டாததாகவே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு நீண்ட குறுகிய ஏரியையே தோண்டிக்கொள்வதும், மன்றமாகக் கூடி ஒரு படகைப் பகிர்ந்துகொள்வதும் அதனால்தான். அப்படிப் பகிரும் இடங்களில் பக்கத்து வீட்டுக்காரரும் வீட்டு ஆளாகிவிடுகிறார். ஓட்டுகிறவருக்கும் ஓடுகிறவருக்கும் உள்ள உறவு அங்கேயும் அதேதான்.

கணவன் மனைவிக்கு மட்டும் விதிகள் ஒரு தனி வாய்ப்பைத் தந்திருக்கின்றன, அது அதிகம் பேசப்படுவதில்லை. 35 வயதுக்கு மேற்பட்ட பிரிவில் ஆண்களின் உச்ச வேகமும் 58லிருந்து 55க்கு இறங்குகிறது. அதாவது பெண்களின் அதே வேகம். அந்தப் பிரிவில் இருவருக்கும் ஒரே வேகம், ஒரே கயிறு, ஒரே 16.95 விநாடி. இளமையில் கணவன் வேகமான படகுக்குப் பழகி, மனைவியின் ஓட்டத்தைத் தன் அளவுகோலால் அளந்து குறை சொன்ன வீட்டிலும் இங்கே இரண்டு எண்ணிக்கையும் நேருக்கு நேர் நிற்கின்றன. 14.25இல் அவள் நான்கு மிதவை, அவன் மூன்றரை என்றால் அது நேரடியான கணக்கு. சக்கரத்தில் இருவரும் மாறி மாறி உட்காரும்போது, தான் ஓட்டிக்கொடுத்த ஓட்டம் எப்படி இருந்தது என்பதை அடுத்த அரை மணியில் தன் உடம்பிலேயே உணர்ந்துகொள்ள இருவருக்கும் வழி இருக்கிறது.